நகரத் திட்டம் வெற்றியா தோல்வியா? பூட்டிய வீட்டையும் எண்ணிப் பாருங்கள்

சென்னையின் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளை, அதாவது குடிசைப் பகுதிகளை அகற்றி அந்தக் குடும்பங்களை ஊருக்கு வெளியே குடிவைத்த அடுக்குமாடிகளைப் பற்றி, முதுகலை ஆய்வேடு எழுதும் ஒருவர் கேட்ட கேள்வி இது. அரசின் கொள்கை விளக்கக் குறிப்பைப் பார்த்தால் இத்தனை ஆயிரம் குடும்பங்களுக்கு வீடு என்று வெற்றிக் கணக்கு வருகிறது. தன்னார்வ அமைப்புகளின் அறிக்கையைப் பார்த்தால் அதே இடம் படுதோல்வி. இரண்டிலும் எண்கள் இருக்கின்றன. எதை நம்புவது? ஒரு நகரத் திட்டத்தை எப்படித்தான் மதிப்பிடுவது?

இரண்டையும் நம்பலாம். இரண்டு பேரும் வேறு வேறு பொருளை எண்ணியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அரசுக் கணக்கு பெரும்பாலும் பொய்யாக இருக்காது. அப்படிப்பட்ட குடியிருப்பான கண்ணகி நகரில் 15,656 வீடுகள் என்றால் நேரில் போய் எண்ணிக்கொள்ளலாம். ஆனால் அது கட்டடக் கணக்கு. ஒப்பந்ததாரருக்குப் பில் பாஸ் பண்ண அது போதும். அந்த வீட்டுக்குப் போன குடும்பம் என்ன ஆனது என்பதற்குத் தனிக் கணக்கு வேண்டும், அதை யாரும் எழுதி வைப்பதில்லை. சாவி கொடுக்கும் விழாவோடு நம் ஊரில் கோப்பு மூடப்பட்டுவிடுகிறது. வீட்டுத் திட்டம் மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். 2015 ஜூனில் தொடங்கி 2025 மார்ச்சில் முடிந்த ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் 100 நகரங்கள், தமிழ்நாட்டில் மட்டும் 11. பத்து ஆண்டுகளும் அதன் மதிப்பெண் எத்தனை பணிகள் முடிந்தன, எத்தனை கோடி செலவானது என்பதிலேயே ஓடியது. அதே திட்டத்தில், சென்னை தியாகராய நகரின் கடைவீதியான பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். எனக்கும் அங்கே நடக்கப் பிடிக்கும். நடைபாதை எத்தனை மீட்டர் அகலம் என்று கேட்டால் உடனே பதில் வரும். வண்டியை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் வருபவர்கள் கூடினார்களா, இல்லை வண்டிகள் பக்கத்துத் தெருவுக்குள் நகர்ந்ததோடு சரியா? இதுதான் மதிப்பீட்டின் கேள்வி.

சரி, குடும்பங்களையே கேட்டுவிடலாம் என்று கணக்கெடுப்புக்குப் போகிறோம். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. நான் பல ஆண்டுகள் இந்த மாதிரிக் களப்பணியில் மேற்பார்வையாளராக இருந்தவன். ஒரு நாள் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் காலை பதினொரு மணிக்கு ஏறினோம். லிஃப்ட் ஓடவில்லை, அது வேறு கதை. ஆறாவது மாடியில் வரிசையாகக் கதவைத் தட்டினால் மூன்று நான்கு வீட்டில் பூட்டு தொங்கியது. எங்கள் கையில் இருந்த குறிப்பேட்டில் தெளிவாக எழுதியிருந்தது: வீடு பூட்டியிருந்தால் அடுத்த வீட்டுக்குச் செல்லவும். போனோம். திறந்திருந்த வீட்டில் ஒரு பாட்டி, மருமகள், கைக்குழந்தை. தண்ணீர் வருகிறதா, வருகிறது. கழிப்பறை உள்ளேயே இருக்கிறதா, இருக்கிறது. திருப்தியா? "பரவால்லப்பா." படிவத்தில் 'திருப்தி' கட்டத்தில் ஒரு டிக்.

கிளம்பும்போது எதிர் வீட்டுப் பூட்டைக் காட்டி, இவர்கள் எங்கே என்று கேட்டேன். "அவங்க எங்க தம்பி இங்க இருக்காங்க, மந்தைவெளிப் பக்கமே வாடகைக்குப் போய்ட்டாங்க. பசங்க ஸ்கூல் அங்கதானே, அந்தம்மா வேலை செய்ற வீடும் அங்கதான்" என்றார் பாட்டி. அன்று கேட்டதிலேயே முக்கியமான பதில் அதுதான். அதை எழுதப் படிவத்தில் இடம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன். ஓரக் குறிப்புகளை கணினியில் யாரும் ஏற்றவில்லை.

பூட்டிய வீட்டை விட்டுவிட்டுத் திறந்த வீட்டில் மட்டும் கேட்டால், அந்த இடம் யாருக்கு ஒத்துவந்ததோ, அல்லது யாருக்கு வேறு போக்கிடம் இல்லையோ, அவர்கள் பதில் மட்டும்தான் கிடைக்கும். பூட்டிலும் ஒரே ரகம் கிடையாது. வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறவரின் பூட்டு ஒன்று. ரேஷன் அட்டைக்காக முகவரியை இங்கே வைத்துக்கொண்டு நகரத்துக்குள் வாடகைக்கு இருப்பவரின் பூட்டு இன்னொன்று. ஒதுக்கீடு ஆணையை வாங்கிக்கொண்டு குடிவராமலே இருந்துவிட்டவரின் பூட்டும் உண்டு. மூன்றையும் 'பூட்டியிருந்தது' என்ற ஒரே குறியீட்டில் போட்டால் மதிப்பீடு அங்கேயே கெட்டுவிடும்.

இதைச் சரியாகச் செய்த ஆய்வு ஒன்றை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். அகமதாபாத்தில் 1987இல் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவாவின் உறுப்பினர்களாக இருந்த ஏழைப் பெண்களுக்குக் குலுக்கல் முறையில் வீடு ஒதுக்கினார்கள். விண்ணப்பித்தவர்கள் 497 பேர், குலுக்கலில் பெயர் வந்தது 110 பேருக்கு. வீடுகள் இருந்தது நகர மையத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி. 2007இல் ஷாரன் பார்ன்ஹார்ட், எரிகா ஃபீல்ட், ரோஹிணி பாண்டே என்ற மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் பெயர் வந்தவர்கள், வராதவர்கள் இரு தரப்பையும் தேடிப் போனார்கள். பெயர் வந்தவர்களில் 34 சதவீதம் பேர் அந்த வீட்டுக்குக் குடியே போகவில்லை. இன்னும் 32 சதவீதம் பேர் போய்விட்டுக் காலி செய்திருந்தார்கள். ஆக, மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். வெற்றி பெற்ற குடும்பங்களின் வருமானமோ பிள்ளைகளின் நிலையோ மற்றவர்களைவிட மேலே போகவில்லை. சொந்தபந்தம், சாதிசனம், அவசரத்துக்குக் கைமாற்று கொடுப்பவர் என்ற வலை மட்டும் அறுந்திருந்தது. இதில் நான் மெச்சுவது அவர்கள் எடுத்த ஒரு முடிவை: குடிபோகாதவர்களையும் காலி செய்தவர்களையும் 'பயனாளிகள்' கணக்கில்தான் வைத்தார்கள். இருப்பவர்களை மட்டும் எண்ணியிருந்தால் அந்தத் திட்டம் வேறு மாதிரித் தெரிந்திருக்கும்.

குலுக்கலால் இன்னொரு வசதியும் உண்டு. கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் அதிர்ஷ்டத்தைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை என்பதால், பின்னால் வரும் வித்தியாசம் வீட்டால் வந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். சென்னையில் அந்த வசதி இல்லை. கூவத்தின் கரையிலோ அடையாற்றின் கரையிலோ ஒரு பகுதியையே மொத்தமாகப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போகிறோம். யாரோடு ஒப்பிடுவது? அதே ஆற்றங்கரையில் இன்னும் அகற்றப்படாமல் இருக்கும் குடும்பங்களோடு ஒப்பிடலாம், அதுதான் இருப்பதில் நல்லது. அகற்றுவதற்கு முன் நடக்கும் கணக்கெடுப்பில் பத்துக் கேள்விகளைக் கூடுதலாகச் சேர்த்தால் இன்னும் நல்லது. பெயர், ஆதார், கைரேகை எல்லாம் எடுக்கிறார்கள். வேலைக்கு எத்தனை நிமிடம் நடக்கிறாய், மாதம் என்ன சம்பாதிக்கிறாய், பிள்ளை எந்தப் பள்ளியில் எத்தனையாவது படிக்கிறது என்று மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. பிறகு ஐந்து ஆண்டு கழித்து ஆய்வாளர் போய், முன்பு எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்று ஞாபகத்தை நம்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. போன இடத்தின் மீது கோபம் இருந்தால் பழைய வருமானம் கூடித்தான் ஞாபகம் வரும். மனித இயல்பு.

ஒப்பிட ஆள் இல்லாமல் 'முன்பு இப்படி, இப்போது இப்படி' என்று மட்டும் பார்ப்பதில் என்ன ஆபத்து என்று கேட்டால், மழைநீர் சேகரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் தமிழ்நாடு முழுவதும் கட்டாயமாக்கினார்கள். சென்னையில் அடுத்த சில ஆண்டுகளில் கிணற்றுத் தண்ணீர் மட்டம் ஏறியது. திட்டம் வெற்றி என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஆனால் 2003 கடும் வறட்சியின் உச்சம். 2005 வானம் பிய்த்துக்கொண்டு கொட்டிய ஆண்டு. சேகரிப்புத் தொட்டியே இல்லாவிட்டாலும் மட்டம் ஏறித்தான் இருக்கும். எவ்வளவு ஏறியிருக்கும், அதில் தொட்டியின் பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்க, ஒழுங்காகத் தொட்டி வைத்த தெருவையும் பேருக்கு ஒரு குழாயைத் தொங்கவிட்ட தெருவையும், மண்ணும் மழையும் ஒரே மாதிரி இருக்கும் இடத்தில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நான் இன்றும் மழைநீர் சேகரிப்பை ஆதரிப்பவன்தான். அதற்காக மழை செய்த வேலையைத் தொட்டியின் பெயரில் எழுத முடியாது. இதே காரணத்தால்தான், நெருக்கடியின் உச்சத்தில் தொடங்கும் எந்தத் திட்டமும் வெற்றி பெற்ற மாதிரியே தெரியும். உச்சத்துக்குப் பிறகு இறக்கம் தானாகவே வரும்.

தரவரிசைப் பட்டியல்களை ஆய்வேட்டில் ஆதாரமாக வைக்காதீர்கள். ஒன்றிய அரசின் வாழ்வு எளிமைக் குறியீட்டில் 2018இல் பெங்களூரு 58ஆவது இடம், சென்னை 14. அடுத்த பட்டியலான 2020இல் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் பெங்களூரு முதலிடம், சென்னை 4. இரண்டே ஆண்டில் பெங்களூருவின் சாலை நெரிசல் தீர்ந்துவிட்டதா என்ன? அளவுகோல் மாறியது. மக்கள் கருத்துக் கணிப்புக்குத் தனி மதிப்பெண் சேர்த்தார்கள், நகரங்களை அளவுவாரியாகப் பிரித்தார்கள். அளவுகோல் மாறிய பிறகு இரண்டு இடங்களையும் ஒப்பிட்டு வளர்ச்சி என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

இனி, எப்போது அளப்பது என்ற விஷயம். சென்னையிலேயே இதற்கு அருமையான பாடம் ஒன்று கிடக்கிறது, நம் ஆட்களே அதைக் கவனிப்பதில்லை. 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டிக் கொடுப்பது தொடக்ககால வழி. வீட்டுக்கு ஆகும் செலவு அதிகம், எல்லோருக்கும் எட்டாது என்று உலக வங்கி வேறு யோசனையோடு வந்தது. 1977இல் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தில், வீட்டைக் கட்டித் தராமல் மனையைக் கொடுத்தார்கள். சாலை, தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு போட்டுத் தருவோம், வீட்டை உன் வசதிக்கு நீயே கட்டிக்கொள் என்பது ஏற்பாடு. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் முதலில், பிறகு முகப்பேர் போன்ற இடங்கள். சின்ன மனை கிட்டத்தட்ட ஒரு சென்ட் இருக்கும். பக்கத்திலேயே நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய மனை, கடைக்கு மனை. பெரிய மனையில் வந்த லாபம் சின்ன மனையின் விலையைக் குறைத்தது.

சில ஆண்டுகள் கழித்து இந்த மாதிரித் திட்டங்களைப் பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். பாதி மனை காலியாகக் கிடக்கிறது, ஊருக்கு வெளியே இருக்கிறது, ஏழை விற்றுவிட்டுப் போகிறான், வசதியானவன் வாங்குகிறான் என்று குறை. உலக வங்கியே பிறகு இந்த வழியைக் கைவிட்டது. இருபது ஆண்டு கழித்து, வங்கியைச் சேர்ந்தவர்களும் இடம்பெற்ற ஓர் ஆய்வுக் குழு சென்னையிலும் மும்பையிலும் அதே இடங்களுக்குத் திரும்பப் போனது. 2018இல் வந்த அவர்கள் கட்டுரையின் முடிவு, நாம் தோல்வி என்று கைகழுவியது நன்றாகவே வேலை செய்திருக்கிறது என்பது. காலி மனைகள் நிரம்பியிருந்தன. ஒரு சென்ட் மனையில் கீழே கடை, மேலே வீடு, அதற்கும் மேலே வாடகைக்கு ஒரு அறை. பல வருமானக்காரர்களும் ஒரே பகுதியில் இருந்தார்கள். நகரம் வளர்ந்து வந்து அவர்களை உள்ளே இழுத்துக்கொண்டது. முகப்பேரை இன்று யாராவது ஊருக்கு வெளியே என்று சொல்வார்களா?

அமெரிக்காவிலும் இதே கதை நடந்தது. 1994இல் தொடங்கி ஐந்து நகரங்களில், ஏழைகள் அடர்ந்த குடியிருப்பிலிருந்து வேறு பகுதிக்குக் குடிபோக வாடகை உதவிச் சீட்டை குலுக்கல் முறையில் கொடுத்தார்கள். ஏறத்தாழ 4,600 குடும்பங்கள். பெரியவர்களின் வருமானத்தில் எந்த மாற்றமும் இல்லை என்று ஆண்டுக்கணக்காக அறிக்கைகள் வந்தன. 2015இல் ராஜ் செட்டியும் அவரது சகாக்களும் அந்தக் குடும்பத்துக் குழந்தைகள் வளர்ந்து வேலைக்குப் போன பின் வரிக் கணக்கைப் பார்த்தார்கள். 13 வயதுக்கு முன் இடம் மாறிய பிள்ளைகளின் வருமானம், சீட்டு கிடைக்காத குடும்பத்துப் பிள்ளைகளைவிட 31 சதவீதம் கூடியிருந்தது. கொஞ்சம் பெரிய பிள்ளைகளாக மாறியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. அம்மாவை அளந்தால் பூஜ்யம், கைக்குழந்தையை இருபது ஆண்டு கழித்து அளந்தால் பெரிய மாற்றம்.

அப்படியானால் கண்ணகி நகரையும் இருபது ஆண்டு பொறுத்துப் பார்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். சொல்லியும் இருக்கிறார்கள். என் கருத்தில் அது செல்லாது. 2000 வாக்கில் தொடங்கிய இடம், கால் நூற்றாண்டு ஏற்கெனவே ஆகிவிட்டது. அதோடு முகப்பேருக்கும் இதற்கும் அடிப்படையிலேயே வித்தியாசம் இருக்கிறது. மனை கிடைத்தவர் பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால் மேலே ஒரு மாடி எழுப்புவார். இருநூறு சதுர அடியைக்கூட எட்டாத அடுக்குமாடி வீட்டில் ஒரு அலமாரியைக்கூடக் கூட்ட முடியாது. அங்கே பல தரத்து மக்கள் கலந்தார்கள், இங்கே ஒரே நிலையில் இருக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஒரே இடத்தில் குவித்தோம். காலம் எல்லாவற்றையும் சரியாக்காது. எதைக் கட்டினோம் என்பதைப் பொறுத்தது.

முகப்பேர் கதையிலும் ஒரு முடிச்சு இருக்கிறது, அதை ஆய்வேட்டில் தவறாமல் எழுதுங்கள். பகுதி நன்றாக இருக்கிறது, சரி. முதலில் மனை வாங்கி, கடன் நெருக்கி, விற்றுவிட்டுப் போன குடும்பம்? அது நல்ல விலைக்கு விற்று வேறு இடத்தில் நிமிர்ந்ததா, வந்த காசைக் கரைத்துவிட்டு மறுபடி ஆற்றங்கரைக்கே வந்ததா? இடத்தை மதிப்பிட்டால் ஒரு விடை, ஆட்களை மதிப்பிட்டால் வேறு விடை வரலாம். முதலிலேயே இரண்டில் எது என்று முடிவு செய்துகொள்ளாத அறிக்கைகள்தான் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன.

திட்டம் தானே கொடுத்த வாக்கையும் வைத்து அளக்க வேண்டும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியபோது சொன்ன காரணம் வெள்ளத்திலிருந்து பாதுகாப்பு. பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதியில் இருக்கின்றன, பெரிய மழைக்கு அங்கேயும் தண்ணீர் நிற்கிறது. சுனாமியில் வீடிழந்தவர்களைக் கொண்டுபோய் வைத்ததும் செம்மஞ்சேரியில்தான். வேறு எந்தச் சமூகவியல் கோட்பாடும் வேண்டாம், அவர்கள் சொன்ன காரணத்தையே வைத்துக் கேட்கலாம்.

இன்னொரு விஷயம், திட்டங்கள் தனித்தனியாக வாழ்வதில்லை. 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்றது. பெரும்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் வரை வீட்டு வேலைக்குப் போகிற ஒரு அம்மாவுக்கு இது சின்னத் தொகை இல்லை, சம்பளத்தில் ஒரு வீட்டு வேலைக்குச் சமமாகக்கூட இருக்கலாம். 2020இல் கணக்கெடுத்தவர் 'போக்குவரத்துச் செலவால் வேலையை விட்டார்கள்' என்று எழுதியிருப்பார். 2022இல் போனவருக்கு அது குறைந்து தெரியும். குடியிருப்பு மேம்பட்டதாக அவர் எழுதினால் தவறு, பஸ்தான் வேலை செய்தது. அந்தச் சராசரியையும் அப்படியே விழுங்காதீர்கள். சராசரியில் தினமும் இரண்டு பஸ் மாறுகிறவரும் இருக்கிறார், வாரம் ஒருமுறை சந்தைக்குப் போகிறவரும் இருக்கிறார். முன்பு டிக்கெட் எடுத்துப் போனவருக்குத்தான் பணம் மிச்சம். முன்பு பஸ்ஸே ஏறாமல் வீட்டில் இருந்துவிட்டு இப்போது வேலை தேடி வெளியே வருபவருக்குக் கிடைத்தது வேறு, அதை ரூபாயில் போட முடியாது. அப்புறம், இலவச பஸ் வரும்வரை நின்றுகொண்டிருக்கும் நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. டீலக்ஸ் பஸ் இரண்டு கண்ணெதிரே போகும், இலவசமான ஒயிட் போர்டு பஸ் வராது.

உங்கள் ஆய்வேட்டுக்கு வருகிறேன். எல்லாக் குடியிருப்பையும் எடுக்காதீர்கள், ஒரே ஒரு பிளாக் போதும். ஒதுக்கீடு பெற்றவர்களின் பட்டியலிலிருந்து தொடங்குங்கள், இன்று குடியிருப்பவர்களின் பட்டியலிலிருந்து வேண்டாம். பட்டியல் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், அதற்கும் இழுத்தடித்தால் பிளாக்கில் நீண்ட நாள் இருக்கும் இரண்டு மூன்று பெண்களோடு உட்கார்ந்து கதவு கதவாகக் கேட்டு நீங்களே ஒன்று தயாரியுங்கள். அவர்களுக்கு எல்லா வீட்டு வரலாறும் தெரியும். வருமானத்தை நேரடியாகக் கேட்டால் சரியாக வராது. காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எந்த பஸ், எத்தனை மணிக்குத் திரும்பினீர்கள், நேற்றுக் கடையில் என்ன வாங்கினீர்கள் என்று நேற்றைய ஒரு நாளைக் கேளுங்கள். மகன் மகள் எந்த வயதில் இங்கே வந்தார்கள் என்பதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

பகலில் பூட்டியிருந்த வீட்டுக்கு இரவு எட்டு மணிக்குப் போங்கள். அப்போதும் பூட்டியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். அன்றும் பூட்டு தொங்கினால் எதிர் வீட்டில் கேளுங்கள், செல்போன் நம்பர் கட்டாயம் வைத்திருப்பார்கள். கூப்பிட்டு, இப்போது எந்தத் தெருவில் இருக்கிறீர்கள், அங்கே வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் வரச் சொல்வார்கள்.